ஐந்தாம் படிக்கு ஒரு லிஃப்ட்

எங்கள் லிஃப்ட் மூன்றாம் படி வரைக்கும் ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் அதற்கு மனசு வராது. மோட்டார் முனகும். தூக்குப் பலகை நடுங்கும். பலகையின் மேல் நிற்கிற ரயில் எஞ்சின் பல்வலிக்காரனைப் போலத் தலையை ஆட்டும். அண்ணா சுவிட்சை அணைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். நான் மனதுக்குள் பிள்ளையாருக்கு நன்றி சொல்வேன்.

லிஃப்ட் நின்றதற்கு ஒருவன் நன்றி சொல்வானா என்றால், சொல்வான். அது என்றைக்கு ஐந்தாம் படியை எட்டுகிறதோ அன்றைக்கு அண்ணா திருவனந்தபுரத்துக் கரமனையை விட்டுப் போய்விடுவார் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் நான் எப்போதுமே புலி. பத்தாம் வகுப்பில் அது தெரிந்துதான் என்னைச் சரித்திரத்துக்குத் துரத்தினார்கள்.

அண்ணாவும் நானும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டில் சுவரில் ஆணி அடித்தால் எங்கள் வீட்டில் காலண்டர் விழும். அரசாங்க ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெரு அவரை அறிந்தது ரிப்பேர்காரராகத்தான். ரேடியோ, மிக்ஸி, தையல் மெஷின், எதுவானாலும் அவர் வீட்டுக் கூடத்தில் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். ஆரம்பித்த வேலையை அரைகுறையாக விட்டு எழுந்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. அவருடைய கல்யாணத்தில் முகூர்த்த நேரத்துக்கு மாப்பிள்ளையைக் காணவில்லை என்று தேடினால், பந்தல் ஓரத்தில் ஒலிபெருக்கிக்காரனின் ஆம்ப்ளிஃபையரைக் குடைந்துகொண்டிருந்தார். ‘இதோ, ஒரே ஒரு கனெக்ஷன்’ என்றாராம். நாதஸ்வரக்காரர்கள் அடுத்த ராகத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் பாரலல் காலேஜ் என்கிற டுடோரியலில் சரித்திரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாரலல் காலேஜ் என்பது உண்மையான காலேஜுக்குப் பக்கத்திலேயே ஓடி, எந்த இடத்திலும் அதைச் சந்திக்காத ஒரு கோடு. அவ்வப்போது பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதினேன். எழுதியதையெல்லாம் முதலில் அண்ணாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவர் முடியும் வரை கேட்டுவிட்டு, ‘அவ்வளவுதானா?’ என்பார். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. ஊரில் சிரிக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; அவர்கள் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சிரிக்காத ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் இந்தப் பக்கம் இருப்பவன் அடுத்ததை எழுதுவான்.

மன்னி கண்ணை மூடிய பிறகு, பெங்களூரில் இருந்த அவர்கள் பையன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தான். அப்பாவுக்குப் போன் செய்தால் அப்பா வைத்துவிடுகிறார்.

“சித்தப்பா, அப்பாவைக் கொஞ்சம் சொல்லிச் சம்மதிக்க வையுங்கோ. ஒத்தையா இருந்து என்ன செய்யப் போறார்? இங்கே புது ஃப்ளாட்ல அவருக்குன்னு ஒரு ரூம் இருக்கு.”

“சொல்லிப் பார்க்கறேன்டா” என்பேன். சொல்லிப் பார்க்கவில்லை என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

அந்தப் பையனே அந்த வருஷம் கோடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அனுப்பினான். சிங்கப்பூரில் இருந்தபோது அவன் குழந்தைக்கு வாங்கியது. குழந்தை வளர்ந்துவிட்டது, ஃப்ளாட்டில் இடமில்லை, தூக்கிப் போட மனசில்லை. தூக்கிப் போட மனசில்லாதவற்றைப் பெங்களூர்க்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக் செங்கல்கள், ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்கிற ஜாதி. கூடவே தண்டவாளங்கள், ஒரு எஞ்சின், இரண்டு பெட்டிகள், பல்சக்கரங்கள், உபரியாக ஒரு மோட்டார், சுவர் பிளக்கில் செருகி வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அண்ணா பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். ‘பாத்தேளா, எல்லாம் கலந்து கெடக்கு’ என்று நான்தான் சொன்னேன். அது போதும். அன்று மாலையே அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து செங்கல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் மன்னியின் கொலுப்படி நின்றுகொண்டிருந்தது. ஏழு படி, தேக்கு. அவள் வைத்த கடைசிக் கொலு முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். படியைப் பிரிக்க ஆள் வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதன் பிறகு அதைப் பிரிக்கலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. துணி காயப்போடவும் முடியாது, உட்காரவும் முடியாது. வெறும் படிகளாக, யாரும் ஏறி எங்கும் போக முடியாதபடி, அது சும்மா நின்றது.

தரையில் ஒரு வட்டம் போட்டு ரயில் ஓடியது. அண்ணாவுக்கு அது அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. படியைப் பார்த்தார்.

“டேய், இதை மேலே கொண்டுபோனா என்ன?”

முதலில் சரிவுப் பாதை கட்டினோம். எஞ்சின் பாதி தூரம் ஏறி, சக்கரம் வழுக்கி, பின்பக்கமாக வந்து தரையில் இருந்த என் காபி டம்ளரில் மோதியது. சரிவைக் குறைக்க வேண்டுமானால் பாதை கூடத்தைத் தாண்டி எங்கள் வீட்டுச் சமையலறை வரை வர வேண்டும் என்று அண்ணா கணக்கிட்டார். ஆகவே லிஃப்ட். படியின் ஓரமாகச் செங்கல்லால் ஒரு கோபுரம். அதற்குள் ஒரு தூக்குப் பலகை. தரையில் ரயில் பலகைக்குள் நுழைய வேண்டும், மோட்டார் இழுக்க வேண்டும், ஐந்தாம் படியில் ரயில் வெளியே வந்து மறுமுனை வரை போய்த் திரும்ப வேண்டும், பிறகு இறங்க வேண்டும். ஏன் ஐந்தாம் படி என்று நான் கேட்கவில்லை. மன்னி அங்கேதான் தசாவதாரத்தை வைப்பாள்.

இதில்தான் எனக்கு என் திட்டம் தோன்றியது. இந்த மனிதர் எதையும் அரைகுறையாக விட்டுப் போகமாட்டார். இது முடியாதவரை பெங்களூர் கிடையாது. பிளாஸ்டிக்கின் அயோக்கியத்தனத்தின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

பாரலல் காலேஜில் காலை வகுப்பு, பிற்பகல் வகுப்பு, அதற்கப்புறம் டியூஷன்; ஞாயிறு, லீவு நாட்களில் ஸ்பெஷல் கிளாஸ். நான் வீடு வந்து காபி குடித்துவிட்டு அண்ணா வீட்டுக்குப் போகும்போது ஏழு மணி. கூடத்தில் ஒரு குண்டு பல்பு. சாயங்காலக் கரமனையில் குண்டு பல்பு எரிவதைப் பார்க்க இன்னொரு பல்பு வேண்டும். உள்ளே இழை சிவப்பாக, வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கும். நடுவே அரை மணி நேரம் லோட் ஷெட்டிங் என்று அதுவும் போகும். அந்த வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும், இருவருக்குமாக மூன்று கண்ணாடிகளை வைத்துக்கொண்டு, வைத்தியம் பார்த்தோம்.

கோபுரம் ஆடுகிறது, பலகை தூணில் உரசுகிறது, அதனால்தான் நிற்கிறது என்றார் அண்ணா. தூண்களை இரட்டையாக்கினோம். உரசும் இடத்தில் முகப்பவுடர் போட்டோம். கூடம் கல்யாண வீடு மாதிரி மணத்தது. லிஃப்ட் மூன்றாம் படியில் நின்றது.

நூல் சரியில்லை என்றார். தையல் நூல் முறுக்கிக்கொள்கிறது. சாலைக் கடைத்தெருவுக்குப் போய்த் தூண்டில் நரம்பு வாங்கி வந்தேன். அது இழுபட்டது, மோட்டார் சுற்றச் சுற்ற நரம்பு நீண்டதே தவிரப் பலகை நகரவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, “வாழைநார் போட்டுப் பாருங்கோளேன், மல்லிப்பூ பாரத்தையெல்லாம் தாங்கறதே” என்றாள். கிண்டலா என்று தெரியாமல் அதையும் போட்டோம். கிண்டல்தான்.

பாரம் அதிகம் என்றார் பிறகு. எஞ்சின் ஏறும்போது மறுபக்கம் ஏதாவது இறங்கினால் மோட்டாருக்குச் சுமை குறையும். முதலில் ஒரு பையில் கொண்டைக்கடலை கட்டித் தொங்கவிட்டோம். மழைக்காலம் முடிவதற்குள் அதில் வண்டு வந்தது. ஒரு நாள் அண்ணா உள்ளே போய் மன்னியின் குங்குமச் சம்புடத்தை எடுத்து வந்தார். கைக்கு அடக்கமான பித்தளைச் சம்புடம். கரமனை ஆற்று மணலை அதில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு, தூக்கிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி தொங்கவிட்டார். குங்குமம் ஒட்டிய மணல் அவர் விரலில் சிவந்திருந்தது. நான் நகைச்சுவையாக ஏதாவது சொல்ல வாயெடுத்து, மணல் பையை அவர் பக்கம் நகர்த்தினேன். சம்புடம் போட்ட பிறகு லிஃப்ட் மூன்றாம் படிக்கு மேல் நாலு விரல் ஏறி நின்றது.

எதிர்வீட்டு மாமி பகலில் வாசல் பெருக்குகிற சாக்கில் அண்ணா வீட்டுக்குள் பார்க்கிறவள். ஒரு நாள் தெருவில் என்னை நிறுத்தினாள்.

“கொலுப்படியில ரயில் விடறேளாமே? இதென்ன கூத்தாக்கும்? அவ இருந்தா சம்மதிப்பாளோ?”

“அவ இருந்தா பாசஞ்சரே ஏத்தியிருப்பா மாமி, பொம்மைக்கெல்லாம் ஆளுக்கொரு டிக்கெட்டோட.”

“ஒங்களுக்கு எல்லாம் தமாஷு” என்று மாமி துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். என் எழுத்தைப் பற்றி வந்த விமரிசனங்களில் மிகச் சுருக்கமானது அது.

நாலு விரல் ஏறிய மறுநாள் நான் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனேன். அங்கே தேங்காய் உடைக்கிறவர்கள் வரிசையாக நிற்பார்கள்: பரீட்சை எழுதப் போகிறவன், கடை திறக்கப் போகிறவன், விசா வரக் காத்திருக்கிறவன். எல்லோருக்கும் தடை நீங்க வேண்டும். நான் ஒருவன்தான் அந்தக் கூட்டத்தில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அப்பனே, ஒரு தடை கொடு’ என்று கேட்டவன். அண்ணாவின் பிரயாணத்துக்கு ஒரு விக்னம். பெரிதாக வேண்டாம்; நோய் நொடி வேண்டாம்; ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் போதும். தேங்காய் நன்றாகத் தெறித்து உடைந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: விக்னத்தை விலக்குகிறவரிடம் போய் விக்னம் கேட்டிருக்கிறேன். அது அவருடைய துறையே இல்லை. தேங்காயை வாங்கிக்கொண்டு, தமக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வார்.

செய்தார். ஓணம் முடிந்து கொஞ்ச நாளில், மாமி மறுபடி என்னைத் தெருவில் பிடித்தாள்.

“மாமா பாலை நிறுத்தச் சொல்லிட்டாராமே? பேப்பரும் வேண்டாம்னுட்டாராம். பெங்களூருக்குத்தானே?”

தெரு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. பால்காரருக்குத் தெரியும். பேப்பர் போடுகிறவனுக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்குச் செய்தி தெரு சுற்றி வந்தது.

அன்று மாலை போனபோது அண்ணா வழக்கம்போல லிஃப்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, போறேளாமே?”

“ஆமாம். அவனும் எத்தனை நாள் வா வான்னு விளிச்சிண்டிருப்பான்?”

“என்கிட்டே சொல்லலையே?”

“சொன்னா நீ ஏதாவது தமாஷ் பண்ணுவே. அப்பறம் எனக்குப் போக முடியாது.”

அதை அவர் பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் என்னுடைய கடைசித் துருப்பை இறக்கினேன்.

“அப்போ லிஃப்ட்? இது இன்னும் ஏறலையே. அரைகுறையா விட்டுட்டா போவேள்?”

அண்ணா கோபுரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அது கெடக்கட்டும்டா. சாரமில்லை” என்றார்.

முகூர்த்தத்தைக் காக்க வைத்தவர். தெருவில் ஒரு மிக்ஸியைக்கூட முனகவிட்டு எழுந்துபோகாதவர். சாரமில்லை என்றார்; மலையாளத்துப் பரவாயில்லை.

போகிற அன்று காலை, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். பிறகு குனிந்து, லிஃப்டிலிருந்து மன்னியின் சம்புடத்தை அவிழ்த்து, மணலைக் கொல்லையில் கொட்டி, வேட்டி நுனியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அதே இடத்தில் கட்டினார். உள்ளே நட்டு, போல்ட்டுகள். “அதே தூக்கம்தான், எடை மாறலை. நிறுத்துப் பாத்துட்டேன்” என்றார். எப்போது நிறுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். அந்த ரயில் எந்தப் படியிலும் நிற்காமல் கிளம்பிப் போயிற்று.

அதன் பிறகும் நான் ஏழு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது நல்லதற்கில்லை என்று குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். தனியாக உட்கார்ந்து நூலை மாற்றினேன், பவுடர் போட்டேன், பெரிய பல்சக்கரத்தை எடுத்துச் சின்னதைப் போட்டேன். அண்ணா அரைகுறையாக விட்டதை நான் முடித்துக் காட்ட வேண்டும், முடித்துவிட்டுப் போன் செய்து சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு உறைக்கும். என்ன உறைக்கும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு உறைத்துக்கொண்டிருந்தது, அதில் பாதியை அனுப்பிவைத்தால் போதும் என்றிருந்தது.

ஒரு வாரநாளில் பந்த் வந்தது. கோர்ட் பந்தைத் தடை செய்துவிட்டதால் அதற்கு ஹர்த்தால் என்று பெயர் வைத்திருந்தார்கள். மூடிய கடைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காலேஜ் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வேறு வேலை இல்லாமல், அண்ணா வீட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டேன்.

லிஃப்ட் ஏறியது. முதல் படி, இரண்டு, மூன்று. மூன்றில் நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அது என்னைச் சட்டை செய்யாமல் நான்காம் படியைத் தாண்டி, ஐந்தில், டார்ச் லைட் தகட்டால் அண்ணா செய்து வைத்திருந்த சுவிட்சில் இடித்து, ‘டக்’கென்று தானே நின்றது. தண்டவாளமும் தண்டவாளமும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்திருந்தன. எஞ்சின் வெளியே வந்து, தசாவதாரம் இருந்த இடத்தில், மீனிலிருந்து குதிரை வரை ஓடித் திரும்பியது. இறக்கினேன். ஏற்றினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பல்பைப் போட்டுப் பார்த்தேன். கண் கூசியது.

அப்போதுதான் புரிந்தது. நூலில் ஒன்றும் இல்லை. தூணில் ஒன்றும் இல்லை. ஊர் முழுக்க விளக்குப் போடுகிற நேரத்தில் கரமனையில் வோல்டேஜ் கிடையாது. மாதக்கணக்காக நாங்கள் ஆரோக்கியமான ஒரு லிஃப்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமி வாசல்படியில் வந்து நின்றாள்.

“மாமி, பாத்தேளா? ஏறறது!”

“இதுல என்ன அதிசயம்? பகல்ல தெனமும் ஏறுமே. மாமா தனியா உக்காந்து ஏத்தி எறக்கிண்டிருப்பாரே. நான்தான் பாத்திருக்கேனே.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஏன், ஒங்களுக்குத் தெரியாதோ?” என்றாள்.

பிளாஸ்டிக் செங்கல்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் அதை யோசித்தேன். அண்ணா ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தார். அவருக்கு லிஃப்ட் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் எதையும் அரைகுறையாக விட்டுப் போகவில்லை. சாயங்காலங்களில் அரைகுறையாக இருந்தது வேறு ஏதோ.

போன் செய்தேன்.

“அண்ணா, லிஃப்ட் ஓடறது.”

“ம்.”

“மத்தியானம் ஓடறது. சாயங்காலம்தான் நிக்கறது. வோல்டேஜாக்கும் காரியம்.”

“அது தெரியுமேடா. ஓணத்துக்கு ரொம்ப முந்தியே பாத்தேன்.”

“பின்னே ஏன் சொல்லலை?”

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“நீ தெனமும் அவ்வளவு ஆசையா வந்து உக்காந்துக்கறே. காலேஜ்லயும் ஒனக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை. எழுதறதும் அப்படி இப்படித்தான். நான் போயிட்டா ஒனக்கு ஒரு ஜோலி வேண்டாமா? அதாக்கும் விட்டேன்.”

நான் அவருக்குக் கட்டி வைத்த பொறிக்குள் அவர் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார், அதுவும் அன்பாக.

“இங்கே ஃப்ளாட்ல லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டு கேட்டியா. கரண்ட் போனாலும் நிக்காது” என்றார். பிறகு திடீரென்று ஏதோ நினைவு வந்தவர் போல, “வாழைநார் போட்டியேடா! வாழைநாரு!” என்றார். என்றுவிட்டுச் சிரித்தார்.

நான் அந்தச் சிரிப்பை அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சு வாங்கி, இருமி, மறுபடி ஆரம்பித்துச் சிரித்தார். எத்தனை கட்டுரைகளைப் படித்துக் காட்டியிருப்பேன்.

போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள். “என்ன சொன்னார்?”

“சிரிச்சார்.”

“உங்க அண்ணாவா? அப்படி என்ன சொன்னேள்?”

“ஒண்ணும் சொல்லலை.”

அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, “நாளைக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பார்க்க ஆள் வரதாம். அந்தப் படியைக் காலி பண்ணணும்” என்றாள்.

ஏழு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். காலி செய்யத்தான் போனேன். பல்பின் இழை சிவப்பாக இருந்தது. சுவிட்சைப் போட்டேன். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறி, மூன்றாம் படிக்கு நாலு விரல் மேலே நின்றது. வோல்டேஜ் இல்லை என்று தெரியும். தெரிந்தும், நூலைத் தொட்டுப் பார்த்தேன்.